நாலாக மடியாத பீட்சா

நவம்பர் 9

லெல்லா,

என் வாழ்க்கையிலேயே மோசமான பீட்சாவை இன்று சாப்பிட்டேன். செய்தவனும் நான்தான்.

போனில் சொல்லியிருப்பேன். வாரத்துக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். அக்டோபர் தொடக்கத்திலிருந்து நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த ஜெயிலில் எங்கள் பிரிவில் போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் ஒருவர் பிரித்துப் படித்து, உறையில் வட்ட முத்திரை குத்திய பிறகுதான் விடுவார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பீட்சாக் கதை. பாவம், அவரும் சிரிக்கட்டும்.

அறையில் மூன்று பேர் இருக்கிறோம். மிம்மோ அண்ணன் பாரி துறைமுகத்துக்காரர், முப்பது வருடம் கப்பலில் சமைத்தவர். ஹிஷாம் மொராக்கோக்காரன், என்னைவிடச் சின்னவன். இரண்டு பேரும் ஒரு மாதமாக என் உயிரை எடுத்தார்கள்.

"நேப்பிள்ஸ்காரன், பதினோரு வருஷம் அடுப்படியில நின்னவன்னு பெருசா பேசுற. ஒரு பீட்சா போட வக்கில்லையா?" என்றார் மிம்மோ அண்ணன்.

"அடுப்பு எங்கண்ணே இருக்கு?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம். நீ கையை மட்டும் குடு."

மாவு வாங்கலாம். ஈஸ்ட் வாங்க முடியாது. அதை வைத்துச் சாராயம் காய்ச்சுவோமாம். எனவே இங்கே கடையில் ஆளுக்கு அளந்து விற்கிற பீரை ஊற்றிப் பிசைந்தேன். துடைப்பக் கட்டையை வெந்நீரில் கழுவி உருட்டினேன். கையடக்கமான ஒரு கேஸ் அடுப்பில் வாணலி, இன்னொன்றில் அதன் மூடி. மூடி பழுக்கக் காய்ந்ததும் எடுத்து மேலே கவிழ்த்தோம். சீஸ் என்று பெயர் போட்ட மஞ்சள் தாள் ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டோம். அது உருகவில்லை. வியர்த்தது.

ஹிஷாம் முதல் வாய் வைத்தான். ரொம்ப நேரம் மென்றான்.

"அண்ணே, இதை வெச்சு வர்ற பெட்டி இருக்குல்ல, அட்டைப் பெட்டி. அது இதைவிட நல்லா இருக்கும்."

மிம்மோ அண்ணன் எங்கள் ஊர் வழக்கப்படி நாலாக மடிக்கப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது. ஒரு துண்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

ஒரு நல்ல செய்தி. இந்த ஆறு மாதத்தில் என் மேல் ஒரு புகார்கூட இல்லை. நன்னடத்தைக்காகத் தண்டனையில் நாற்பத்தைந்து நாள் கழிப்பார்கள். கழித்தால் மே நாலாம் தேதி நான் வெளியே. கோயிலில் நொயேமியின் முதல் நற்கருணை விழா மே பன்னிரண்டு. அவளிடம் சொல், அப்பா வருகிறேன் என்று. அன்றைக்குப் பீட்சா நான் போடுவேன்.

அனியெல்லோ


நவம்பர் 27

அனியெல்லோ,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், பக்கத்தில் வாளியோடு. சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்ததற்காகக் கோபம் வந்தது. மேலே இருந்து இறங்கி வந்த அம்மாள், "கழுவ வந்தியா, கதை படிக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு ஈரத்தில் மிதித்துப் போனாள். அந்த மாடியை இரண்டாம் முறை கழுவினேன்.

ஏன் போனை எடுப்பதில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் எனக்குக் கோபம் வருகிறது. மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்துக்காகக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடிக்க என்னால் முடியவில்லை.

ஸ்கூட்டரில் இரண்டு பீட்சாப் பெட்டி கொண்டு போனாய். கீழ்ப் பெட்டியில் பீட்சா இல்லை, போதைப்பொருள். அதை யார் வைத்தது என்று போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், நீதிபதி கேட்டார். நீ வாயைத் திறக்கவில்லை. சரி, அவர்களிடம் வேண்டாம். என்னிடம்? இரண்டு வருடமாகிறது. என்னிடம்கூட நீ சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது கோர்ட்டில் நடந்தது மட்டும்தான். உன் முதலாளி விதாலே வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்று, "இந்த ஆளு என் கடையில வேலை பாக்கலைங்க, எப்பவாவது வந்து போவாரு" என்றார். பொய் என்று சொல்ல நம்மிடம் ஒரு காகிதம் இல்லை. பதினோரு வருடம், ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் அந்த அடுப்பு முன்னால் வெந்தாய். உன் பெயர் அந்தக் கடையில் எங்கேயும் எழுதப்படவில்லை. இன்றைக்கும் அங்கே வெளியூர்க்காரர்கள் தெரு முனை வரைக்கும் வரிசையில் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள்.

நொயேமியைப் பொறுத்தவரை நீ ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பீட்சா போடுகிறாய். வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒரு பையனின் சித்தப்பா அங்கேதான் இருக்கிறாராம், எந்தக் கடை என்று கேட்டிருக்கிறான். "பெரிய கடை" என்றாளாம். எட்டு வயதில் அவளுக்கும் உன்னைப் போலப் பாதியை முழுங்கத் தெரிந்துவிட்டது.

மே பன்னிரண்டு பற்றி அவளிடம் சொன்னேன். சமையலறைக் காலண்டரின் பின்னட்டையில் அடுத்த வருடத்து மே மாதத்தைத் தேடி வட்டம் போட்டிருக்கிறாள்.

பார்சல் ஒன்று வரும். உள்ளாடை, சட்டை, ரொட்டி. நன்றி எல்லாம் எழுதாதே.

லெல்லா


டிசம்பர் 14

லெல்லா,

பார்சல் வந்தது. எப்படி வந்தது என்று கேள்.

தபால்காரர்கள் வேலைநிறுத்தம், உனக்குத் தெரியும். ஆறு நாள் எங்கோ கிடந்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. இங்கே பார்சல் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு நாள். மூன்றாம் நாள் காவலர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா அனுப்பியிருக்கா உன் பொண்டாட்டி? உயிரோட இருக்கு."

மேசையில் என் சட்டைகள். சட்டைகளின் மேல் மாவு. பெரிய ரொட்டியைக் குடைந்து நீ உள்ளே வைத்திருந்த புளித்த மாவு பொங்கி, ரொட்டியைப் பிளந்து, பையைக் கிழித்து, அட்டைப் பெட்டி மூலை வழியாகத் தரைக்கு இறங்கியிருந்தது. என் நீலச் சட்டையின் கை முழுக்க அது. ஊதினது போலக் குமிழ் குமிழாக. காவலர் பேனாவால் ஒரு குமிழைக் குத்தினார். சத்தம் வந்தது. பின்னால் நகர்ந்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை, லெல்லா. வாசனை வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது கடையில் வாங்கிய ஈஸ்ட் இல்லை. அது என் மாவு. பதினோரு வருடம் ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலந்து நான் வளர்த்த பழைய மாவு. அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அங்கே போனாயா?

"மது தயாரிக்கும் நோக்கத்துடன் மறைத்து வரவழைத்தது" என்று எழுதிவிட்டார்கள். விசாரணைக் குழு முன்னால் நிறுத்தினார்கள். கேட்டது நானா, நீயாக அனுப்பினாயா என்றார்கள். நீயாக என்றால் உன் பார்சலை நிறுத்துவார்கள், பார்க்க வருவதையும் நிறுத்தலாம். நான்தான் போனில் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு முடிந்தது. உறையைப் பிரிக்கிற ஐயா, இந்த வரியை மட்டும் படிக்காத மாதிரி விட்டுவிடுங்கள். எச்சரிக்கை மட்டும்தான் கொடுப்பார்கள் என்கிறார் மிம்மோ அண்ணன். கவலைப்படாதே.

ரொட்டியின் மேல் ஓடு மட்டும் தந்தார்கள். நன்றாக இருந்தது.

அனியெல்லோ


ஜனவரி 3

அனியெல்லோ,

ஆமாம், போனேன்.

நீ உள்ளே போன நாளிலிருந்து விதாலே கடைத் தெருவை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறவள் நான். உன் பீர் பீட்சாவைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கடை திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன். விதாலே நாற்காலி எடுத்துப் போட்டார்.

"வாம்மா லெல்லா. என்ன வேணும், சொல்லு."

"அனியெல்லோ மாவு ஒரு உருண்டை."

"அவ்வளவுதானா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. உன் புருஷன் ஆம்பளைம்மா. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தனைப் பாக்க முடியாது." பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "பாப்பா விசேஷத்துக்குப் பீட்சா எல்லாம் என் பொறுப்பு. நீ ஒண்ணும் செய்யாதே" என்றார்.

அந்த ஆம்பளை என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் துப்பிக்கொண்டு வந்தேன்.

மாவு பெருகும் என்று எனக்குத் தெரியாதா? மாவுக்காரன் பெண்டாட்டிக்கு அதைவிட என்ன தெரியும்? இரண்டு நாளில் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டேன். தப்பு என்னுடையது. அதை நான் எங்கேயும் எந்தக் குழு முன்னாலும் சொல்லியிருப்பேன். ஆனால் நீ என்னைக் கேட்கவில்லை. முதலில் இன்னொருவருக்காக வாயை மூடினாய், என்னைக் கேட்கவில்லை. இப்போது எனக்காகப் பொய் சொன்னாய். அதற்கும் என்னைக் கேட்கவில்லை. நீ தாங்கிக்கொள்வதாக நினைக்கிறாய். தாங்குவது நாங்கள்.

தண்டனைக் குறைப்பைத் தீர்மானிக்கிற நீதிபதிக்கு நானே எழுதிவிட்டேன். மாவை அனுப்பியது நான், அவருக்கு எதுவும் தெரியாது, பீட்சாவுக்குத்தான், சாராயத்துக்கு இல்லை என்று. இரண்டு பக்கம். பக்கத்து வீட்டு டீச்சர் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தார்.

வட்டம் போட்ட காலண்டரைக் கழற்றிப் புதியது மாட்டியாகிவிட்டது. நொயேமி முதல் வேலையாக மே மாதத்தைத் தேடி மறுபடி வட்டம் போட்டாள்.

லெல்லா


மார்ச் 10

லெல்லா,

இதை எழுத நாலு நாள் ஆயிற்று.

நீதிபதி ஒரு பெண். வயது நம்மைவிட ஒன்றிரண்டுதான் அதிகம் இருக்கும். மேசையில் உன் கடிதம் இருந்தது. அதைக் காட்டவில்லை, முதலில் என்னைக் கேட்டார்.

"மாவை யார் கேட்டது?"

"நான்தாங்க. போன்ல."

"எந்தத் தேதி?"

"நவம்பர் கடைசி இருக்கும்."

ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நான் செய்த அழைப்புகளின் பட்டியல். அக்டோபரிலிருந்து ஒரு வரி விடாமல் எதிரே ஒரே சொல்: எடுக்கவில்லை, எடுக்கவில்லை, எடுக்கவில்லை. அதற்குப் பிறகு உன் கடிதத்தை எடுத்து வாசித்தார். உன் இரண்டு பக்கத்தையும். "அவருக்குக் காப்பாற்றுகிற பழக்கம் உண்டு. யாரை என்றுதான் அவருக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படித்தார்.

"மாவுக்காக நான் இதை நிராகரிக்க மாட்டேன்" என்றார். "மாவு சிரிக்கிற விஷயம். நீங்க விசாரணைக் குழு முன்னால பொய் சொன்னீங்க. இப்ப என் முன்னாலயும் சொன்னீங்க. நன்னடத்தைன்னு எதை எழுதச் சொல்றீங்க?"

நாற்பத்தைந்து நாள் போயிற்று. ஜூன் பதினெட்டு.

அறைக்கு வந்ததும் ஹிஷாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். மிம்மோ அண்ணன், "உண்மையைச் சொல்லியிருந்தா?" என்றார். பிறகு அவரே கையை வீசி அந்தக் கேள்வியைத் துரத்திவிட்டார்.

நொயேமியிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியில் கடையில் லீவு கொடுக்கவில்லை என்று சொல். வேண்டாம். நீ என்ன சரி என்று நினைக்கிறாயோ, அதைச் சொல்.

அனியெல்லோ


மே 14

அனியெல்லோ,

விசேஷம் முடிந்தது. நல்லபடியாகத்தான். நொயேமியின் வெள்ளை உடை என் அக்கா மகளுடையது, இடுப்பில் பிடித்துத் தைத்தோம். கோயிலில் அவள் வரிசையில் மூன்றாவது. வாயைத் திறந்து அப்பத்தை வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். யாரிடமிருந்து வந்தது அந்தப் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

மதியம் பன்னிரண்டு பெட்டி பீட்சா வந்து இறங்கியது. விதாலே. நான் வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்றால் அவருக்கு அது மரியாதையாகப் படுகிறது போல. உன் அம்மா, என் அக்கா, பக்கத்து வீட்டு டீச்சர், எல்லாரும் கை தட்டினார்கள். பெட்டிகளை மேசையில் வைத்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. கீழ்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் பார்க்கிறார்களே என்று ஒன்றை எடுத்தேன். நாலாக மடித்தேன். துணி மாதிரி மடிந்தது. ஓரம் பொங்கி, அங்கங்கே கருகி, நடுவில் ஈரமாக, உன் மாவு, நீ நின்ற அடுப்பு. குற்றம் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. நான் சாப்பிட்டதிலேயே மோசமான பீட்சா அதுதான், அனியெல்லோ. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உன் பீர் பீட்சாவைத் தின்றிருப்பேன்.

பிறகு அவரே வந்தார். நொயேமி கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவ அப்பன் வந்ததும் அடுப்பு அவனுக்குத்தான். நானே காரை அனுப்பி ஜெயில் வாசல்ல இருந்து..." என்றவர் நிறுத்திக்கொண்டார். குழந்தை நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. உன் அம்மா சர்க்கரை பூசிய பாதாம் தட்டை எடுத்து எல்லாருக்கும் நீட்ட ஆரம்பித்தார்.

எல்லாரும் போன பிறகு நொயேமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே எழுந்து போய்த் தன் பழைய பள்ளிப் பையைக் கொண்டுவந்தாள். அதில் உன் கடித உறைகள். நான் குப்பையில் போட்ட எல்லாம்.

"அம்மா, ஜெர்மனித் தபால் தலை இப்படியா இருக்கும்? இந்த வட்ட முத்திரையைப் பாரு. ஊர் பேரும் இருக்கு, என்ன இடம்னும் இருக்கு. நான் ரெண்டாம் வகுப்புலயே நல்லா படிப்பேன்."

"அப்புறம் ஏண்டி ஸ்டுட்கார்ட்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"நீ அப்படித்தானே சொன்ன. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

பார், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த இரண்டு பெட்டிக் கதையையும், எனக்குத் தெரிந்த வரைக்கும், அவளிடம் சொன்னேன். சங்கிலியை அவளே கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். கழுத்து அரிக்கிறதாம். ஜூன் எட்டாம் தேதி அங்கே குடும்ப நாள் என்று போட்டிருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கு உன் கையால் ஒரு பீட்சா வேண்டுமாம். மோசமாக இருக்கும் என்று எச்சரித்துவிட்டேன்.

லெல்லா


ஜூன் 9

லெல்லா,

நேற்று நீங்கள் கிளம்பிப் போன பிறகு, உன்னிடம் சொல்ல நேரம் கிடைக்காததை எழுதுகிறேன். நீ காப்பி மெஷின் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது.

காலையில் அறையில் சுட்டதை முற்றத்துக்குக் கொண்டுவருவதற்குள் அது ஆறிப்போயிருந்தது. பிளாஸ்டிக் தட்டில் வைத்து நீட்டினேன். வெள்ளை உடையிலேயே வந்திருந்தாளே, மடியில் கைக்குட்டை விரித்துக்கொண்டாள். நாலாக மடிக்கப் பார்த்தாள். ஒடிந்தது. இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது. ஒரு கடி கடித்தாள்.

"அப்பா, நான் சாப்பிட்டதுலயே மோசமான பீட்சா இதுதான்."

"தெரியும்டா."

"நல்லவேளை நீ ஸ்டுட்கார்ட்ல இல்ல. இதை அங்க வித்திருந்தா உன்னைப் புடிச்சு ஜெயில்ல போட்டிருப்பாங்க."

பக்கத்து பெஞ்சில் மிம்மோ அண்ணன் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி பயந்துபோனாள். நொயேமி சிரிக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"கீழ்ப் பெட்டியில யாரு வெச்சது?"

போலீஸ் கேட்டபோது மேசையில் ஓங்கி அடித்துக் கேட்டார்கள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இவள் வாயில் அந்தக் கல்லை வைத்து மென்றுகொண்டு கேட்டாள். சொன்னேன். காதில்தான் சொன்னேன்.

"அது எனக்கே தெரியும்," என்றாள். "அம்மாகிட்ட சொல்லு."

அப்போதுதான் நீ காப்பியோடு வந்தாய். இந்த முறை நான் உன்னைக் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? "எழுதட்டுமா?" என்றேன். எதை என்று நீ கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், "எழுது" என்றாய். அதற்குப் பிறகு அந்த ஊரில் நாம் இருக்க முடியாமல் போகலாம் என்றேன். "படிக்கட்டு எல்லா ஊர்லயும் இருக்கு," என்றாய். "ஸ்டுட்கார்ட்லயும் இருக்கும். காப்பி ஆறுது, குடி."

எழுதுகிறேன்.

அன்று டெலிவரிக்கு ஆள் இருந்தான். ஆனாலும் விதாலே என்னைக் கூப்பிட்டார். மேல் பெட்டியை நான் கட்டினேன், அதில் மர்கெரீத்தா பீட்சா. கீழ்ப் பெட்டியை அவரே உள்ளே அலுவலகத்திலிருந்து எடுத்து வந்து ஸ்கூட்டரில் வைத்தார். அது முதல் முறை இல்லை. அதற்கு முன் நாலு முறை. நான் பதினோரு வருடம் பீட்சா தூக்கியவன், ஒரு பெட்டியின் எடை எனக்குக் கை போட்டதும் தெரியும். அது பீட்சாவின் எடை இல்லை. தெரிந்துதான் எடுத்துக்கொண்டு போனேன். முடியாது என்றால் நாளைக்கு அடுப்பில் வேறொருவன் நிற்பான், என் பெயர் எங்கேயும் இல்லை என்று தெரிந்துதான் போனேன். அவர் முழுப் பெயர் ரெனாத்தோ விதாலே. நான் அவர் கடையில்தான் வேலை பார்த்தேன், எப்போதாவது வந்து போகிறவனாக இல்லை.

பதினெட்டாம் தேதி கார் எதுவும் வர வேண்டாம். ரயிலில் வருகிறேன். நொயேமியை ஸ்டேஷனுக்குக் கூட்டி வா. சங்கிலியை அவர் கடைக் கல்லாவில் வைத்துவிட்டு வருவதை நான் செய்கிறேன். அதையும் நீயே சுமக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, இவ்வளவு நாள் பீட்சாக் கதை படித்துச் சிரித்திருப்பீர்கள். இன்றைக்கு மேலே உள்ள பத்தியை இன்னொரு முறை படியுங்கள். தேவை என்றால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள். கடிதம் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். முத்திரையைக் கொஞ்சம் தெளிவாகக் குத்துங்கள். அங்கே ஒருத்தி அதைச் சேர்த்து வைக்கிறாள்.

அனியெல்லோ